சேலம் கடைவீதியில் வாங்கிய எவர்சில்வர்: தட்டு, தூக்குப்போசி, டிபன் கேரியர் குறித்து ஒரு மதிப்பீடு

சேலம் சின்னக் கடைவீதிப் பக்கத்துப் பாத்திரக்கடை ஒன்றில் ஆறு சாப்பாட்டுத் தட்டுகளும் ஒரு தூக்குப்போசியும் மூன்றடுக்கு டிபன் கேரியர் ஒன்றும் வாங்கிச் சில மாதங்களாகப் புழங்கி வருகிறோம். தட்டுகளும் போசியும் கொடுத்த காசுக்குத் தகுந்தவை என்பதையும், கேரியர் அப்படியில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் எவர்சில்வர் பாத்திரத்தைப் பளபளப்பையும் மூடி பொருந்துவதையும் மட்டும் பார்த்து மதிப்பிட்டுவிட முடியாது என்பது என் எண்ணம். ஒரே கடையில், ஒரே அலமாரியில், கண்ணுக்கு வேறுபாடே தெரியாத இரண்டு தட்டுகள் இரண்டு விலைக்கு விற்கப்படுகின்றன. அந்த வேறுபாட்டில் கடைக்காரருக்கு இருக்கும் பங்கு சொற்பம். இந்தோனேசியச் சுரங்கமும் தில்லியின் சுங்க அட்டவணையும் பெரும்பங்கை முடிவு செய்துவிடுகின்றன. சேலத்தை அடுத்த கஞ்சமலை அடிவாரத்து உருக்காலையிலும் பாத்திரப் பட்டறைகளிலும் தொழிற்சங்கங்கள் பேசி முடிக்கும் கூலி மிச்சத்தை முடிவு செய்கிறது.

கடையில் எல்லாமே எடைக்கணக்கு. கடைக்காரர் ஒரு தட்டை எடுத்துக் கவிழ்த்து, விளிம்பில் விரல் மூட்டால் தட்டிக் காட்டி, "இது சேலம் ஷீட்டுங்க சார், கேஜும் கூட. அது சாதா ஷீட்டு, கையில எடுத்தாலே தெரியும் பாருங்க" என்றார். கேஜ் என்று அவர் சொன்னது தகட்டின் கனத்தை. பிறகு மேசை இழுப்பறையிலிருந்து சிறு காந்தம் ஒன்றை எடுத்துத் தட்டின் நடுவில் வைத்து, அது ஒட்டாமல் வழுக்கி விழுவதைக் காட்டினார். அதே காந்தத்தை வாங்கிச் சாதா தட்டில் வைத்துப் பார்த்தேன், அதிலும் ஒட்டவில்லை. "அதுலயும் ஒட்டாதுங்க, ஆனா அது வேற" என்று சிரித்துக்கொண்டே காந்தத்தை இழுப்பறையில் போட்டுவிட்டார்.

தமிழ்நாட்டுப் பாத்திரக்கடைகளில் பெரும்பாலும் நடக்கும் இந்தக் காந்தச் சோதனையால் வாங்குபவருக்கு ஒரு பயனும் இல்லை. உயர்ந்த ரகம் எனப்படும் 304இல் ஏறத்தாழ 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். மலிவு ரகங்களான 200 வரிசைத் தகடுகளில் நிக்கலைக் குறைத்து, அந்த இடத்தில் மாங்கனீசையும் கொஞ்சம் செம்பையும் சேர்க்கிறார்கள். சந்தையில் ஜே4 என்று புழங்கும் தகட்டில் நிக்கல் ஒரு சதவீத அளவில்தான் இருக்கும். இரண்டின் உள்கட்டமைப்பும் ஒன்றே என்பதால் இரண்டிலும் காந்தம் ஒட்டுவதில்லை. ஆழமாக அழுத்தி உருவாக்கிய நல்ல 304 பாத்திரத்தின் விளிம்பில் காந்தம் லேசாக இழுக்கப்படுவதும் உண்டு. நம் சட்டைப்பையில் இருக்கும் எவர்சில்வர் ஒரு ரூபாய் நாணயத்தில் காந்தம் நன்றாகவே ஒட்டும். அதுவும் துருப்பிடிக்காத எஃகுதான். பழைய உலோகம் வாங்குவோர் சிலர் ஒரு சொட்டு இரசாயனத்தையும் சிறு பேட்டரியையும் கொண்டு மாங்கனீசு இருப்பதைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். பழைய பாத்திரத்தை எடைக்கு எடுப்பவருக்கு இருக்கும் இந்த வசதி, புதிய பாத்திரம் வாங்குபவருக்கு இல்லை.

அந்தக் கடையில் இரண்டு தகடுகளுக்கும் கிலோவுக்குச் சொன்ன விலை ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வித்தியாசப்பட்டது. இந்த வித்தியாசத்தின் பெரும்பகுதி நிக்கல்தான். இந்தியா தனக்கு வேண்டிய நிக்கலுக்கு இறக்குமதியையே நம்பியிருக்கிறது. 2022 மார்ச் 8 அன்று இலண்டன் உலோகச் சந்தையில் நிக்கல் ஒரு டன் ஒரு இலட்சம் டாலரைத் தாண்டியதும், சந்தை நிர்வாகம் வணிகத்தை நிறுத்தி அன்றைய பேரங்களை இரத்து செய்ததும் சேலத்துப் பாத்திரக்கடைக்குச் சம்பந்தமில்லாத செய்திகளாகத் தோன்றலாம். ஆனால் தகடு வாங்கும் பட்டறைக்காரர் அந்த விலையைப் பார்த்துத்தான் தன் சரக்கை நிறுத்தி வைக்கிறார் அல்லது தள்ளிவிடுகிறார். அதன் பிறகு விலை மடமடவென்று சரிந்ததற்கும் ஓர் அரசின் கொள்கையே காரணம். இந்தோனேசியா 2020 ஜனவரியிலிருந்து நிக்கல் தாதுவை வெட்டி அப்படியே ஏற்றுமதி செய்வதைத் தடை செய்தது. தாது வேண்டுமென்றால் எங்கள் மண்ணில் உருக்காலை கட்டுங்கள் என்பதே அதன் நிலைப்பாடு. சீன நிறுவனங்கள் அங்கே சென்று உருக்காலைகளையும் அவற்றோடு சேர்த்து எவர்சில்வர் ஆலைகளையும் கட்டின. ஐரோப்பிய ஒன்றியம் உலக வர்த்தக அமைப்பில் வழக்குத் தொடுத்து 2022 நவம்பரில் சாதகமான தீர்ப்பும் பெற்றது. ஆயினும் இந்தோனேசியா தன் தடையை விலக்கிக்கொள்ளவில்லை. இன்று உலகில் வெட்டியெடுக்கப்படும் நிக்கலில் பாதிக்கும் மேல் அந்த ஒரு நாட்டிலிருந்து கிடைக்கிறது.

இந்தோனேசியாவின் இந்தக் காரியத்தை நம் ஊர்க்காரர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டும் என்பேன். கஞ்சமலையின் இரும்புத் தாதுவைப் பற்றிச் சேலம் எழுப்பிய கோரிக்கையும் அதுவேதான்: தாது எங்கே கிடைக்கிறதோ அங்கேயே ஆலை வேண்டும். 1967இல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது சேலம் உருக்காலைக்காகவும் தூத்துக்குடித் துறைமுகத்துக்காகவும் தமிழ்நாடெங்கும் "எழுச்சி நாள்" கடைப்பிடிக்கப்பட்டது. 1970 செப்டம்பர் 16 அன்று பிரதமர் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். ஆனால் 1981இல் ஆலை ஓடத் தொடங்கியபோது அது கஞ்சமலைத் தாதுவை உருக்கும் ஆலையாக இருக்கவில்லை. வெளியிலிருந்து வரும் எஃகுச் சுருளைக் குளிர்நிலையில் உருட்டி மெல்லிய எவர்சில்வர் தகடாக்கும் ஆலையாகவே அமைந்தது. எங்கள் ஊரில் எவர்சில்வர் பெருமை பேசும் பலருக்கு, மலையில் வெட்டிய இரும்பு இந்தத் தட்டில் ஒரு குண்டுமணி அளவும் கிடையாது என்பது தெரியாது. அந்தக் காலத்தில் நடுவண் அரசு கடைப்பிடித்த சரக்குக் கட்டணச் சமன்பாட்டுக் கொள்கையின்படி, இரும்பும் எஃகும் நாடெங்கும் ஒரே விலைக்குக் கிடைத்தன. தாது விளையும் கிழக்கு மாநிலங்கள் அதனால் தங்கள் இயற்கைச் சாதகத்தை இழந்தன என்ற வருத்தம் அங்கே இன்றும் இருக்கிறது. தாது இல்லாத இடத்திலும் எஃகுத் தொழில் தழைக்க அது வழிவகுத்தது என்பதையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். 1990களின் தொடக்கத்தில் அந்தக் கொள்கை கைவிடப்பட்டது. அதே காலத்தில் எஃகு இறக்குமதிக்கான உரிமக் கட்டுப்பாடுகளும் தளர்ந்தன.

சேலம் ஆலைக்குச் சொந்தமாக உருக்குப் பிரிவு 2010இல்தான் கிடைத்தது. ஆண்டுக்கு 1,80,000 டன் எஃகுப் பாளம் வார்க்கும் வசதியோடு, குளிர் உருட்டல் திறனும் 1,46,000 டன்னாக உயர்த்தப்பட்டது. அந்தக் காலப் பொருத்தத்தை நினைத்தால் வேதனையாக இருக்கிறது. இந்தோனேசியா உள்ளிட்ட தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானுடன் இந்தியா செய்துகொண்ட தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் அதே 2010இல்தான் நடைமுறைக்கு வரத் தொடங்கியது; தென்கொரியாவுடனான ஒப்பந்தமும் அதே ஆண்டு ஜனவரியில் அமலாயிற்று; அடுத்த ஆண்டில் ஜப்பானுடன். ஒரு கையால் பொதுப் பணத்தைக் கொட்டி ஆலையை விரிவாக்கிய அரசு, மறு கையால் அந்த ஆலையின் சரக்குக்குப் போட்டியான தகடு சுங்கமில்லாமல் உள்ளே வருவதற்குக் கதவைத் திறந்துவிட்டது. இரண்டுக்கும் தனித்தனியே நியாயங்கள் இருந்திருக்கலாம். ஆனால் விரிவாக்கத்துக்குப் பின் ஆலை பல ஆண்டுகள் தொடர்ந்து நட்டத்தில் ஓடியதற்கு, வட்டியும் தேய்மானமும் மின்கட்டணமும் காரணம் என்று சொல்பவர்கள், திறந்துவிடப்பட்ட இந்தக் கதவையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

கடைக்காரர் சாதா ஷீட்டு என்று சொன்ன தகட்டுக்குள் இந்த வரலாறுதான் இருக்கிறது. 2017 செப்டம்பரில் சீன எவர்சில்வர் தகட்டின் மீது இந்தியா 18.95 சதவீத ஈடுசெய் வரி விதித்தது. சீன அரசின் மானியத்தால் அங்குள்ள ஆலைகள் அடக்கவிலைக்கும் கீழே விற்கின்றன என்பது இங்குள்ள ஆலைகளின் புகார். சீன ஆலைகளோ இந்தோனேசியாவிலேயே வேர்விட்டுவிட்டன. அங்கிருந்து வரும் சரக்கு ஆசியான் ஒப்பந்தத்தின் பாதுகாப்போடு வந்தது. பிறகு இந்தோனேசியச் சரக்கின் மீதும் தற்காலிக வரி போடப்பட்டது. 2021 வரவு-செலவுத் திட்டத்தில் இவை நிறுத்திவைக்கப்பட்டு, 2022 பிப்ரவரியில் முற்றாக நீக்கப்பட்டன. உலோக விலை ஏறிக் கிடக்கிறது என்பதே அரசு சொன்ன காரணம். பாத்திரம், குழாய், கத்தி செய்யும் சிறு பட்டறைகளுக்கு அது மூச்சு விடும் இடைவெளி. ஆலை முதலாளிகள், ஆலைத் தொழிலாளர்கள் ஆகிய இரு தரப்புக்கும் அது அடி. வேறு விஷயங்களில் எதிரெதிரே நிற்கும் முதலாளியும் தொழிற்சங்கமும் இறக்குமதி வரி என்று வரும்போது ஒரே வரிசையில் நிற்பதும், எஃகை வாங்கிப் பொருள் செய்யும் சிறு தொழிலதிபர் அவர்களுக்கு எதிரே தனியாக நிற்பதும் இந்தத் தொழிலில் மட்டும் காணக்கூடியது அன்று. 2025 ஏப்ரலில் சாதாரண எஃகுத் தகடுகளுக்கு 12 சதவீதப் பாதுகாப்பு வரி வந்தபோது எவர்சில்வர் அதில் சேர்க்கப்படவில்லை. அந்த விலக்கு இல்லாதிருந்தால் நான் வாங்கிய கேரியரின் விலை இன்னும் ஏறியிருக்கும். ஆகவே வரி வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ ஒரே வரியில் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. வரியைப் பற்றி இத்தனை சண்டை போடும் நாட்டில், தகட்டின் ரகத்தைப் பாத்திரத்தின் அடியில் பொறிக்க வேண்டும் என்று ஒருவரும் சண்டை போடாததுதான் வியப்பு.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். "சேலம் ஷீட்டு" என்றால் 304 என்று பொருளாகாது. சேலம் ஆலை, நிக்கல் குறைந்த ரகங்களையும் சேர்த்துப் பல ரகங்களில் தகடு செய்கிறது. அதன் அதிகாரப்பூர்வ விவரங்களிலேயே அது இருக்கிறது. தகடு முகவர்களிடம் போய், வட்டமாக வெட்டப்பட்டு, பட்டறையில் அழுத்தப்பட்டு, மெருகேறிக் கடைக்கு வரும்போது எந்த ஆலையின் எந்த ரகம் என்ற சுவடு பாத்திரத்தில் இருப்பதில்லை. கடைக்காரர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை; அவருக்குச் சொன்னதை அவர் நமக்குச் சொல்கிறார். ஊர்ப் பெயரே தரச் சான்றாகிவிட்டது என்பதுதான் குறை.

அந்தப் பெயர் நிலைத்ததில் தொழிற்சங்கங்களுக்கும் பங்கு உண்டு. 2016 அக்டோபரில் நடுவண் அமைச்சரவை, அரசின் எஃகு நிறுவனமான செயிலின் துர்காபூர் கலப்பு எஃகு ஆலை, பத்ராவதி ஆலை, சேலம் ஆலை ஆகியவற்றைத் தனியாருக்கு விற்கக் கொள்கையளவில் ஒப்புதல் தந்தது. 2019 ஜூலையில் விருப்பக் கடிதங்கள் கோரப்பட்டன. சி.ஐ.டி.யூ., ஐ.என்.டி.யூ.சி., தொ.மு.ச. உள்ளிட்ட சங்கங்கள், வழக்கமாகத் தேர்தலில் ஒன்றையொன்று வீழ்த்தப் பார்ப்பவை, ஒரே பந்தலில் அமர்ந்தன. நிலம் கொடுத்த உழவர்கள் அரசு ஆலைக்கென்றுதான் கொடுத்தார்கள் என்ற வாதம் அங்கே வலுவாக ஒலித்தது. பத்ராவதி விற்பனை 2022இல் கைவிடப்பட்டது. சேலம் ஆலையும் இன்றுவரை செயிலின் பிரிவாகவே இயங்குகிறது. கூலி விஷயத்தில் சங்கங்களின் கை அவ்வளவு ஓங்கவில்லை. செயில் ஆலைகளின் ஊதியம், எஃகுத் தொழிலுக்கான தேசியக் கூட்டுக் குழுவில் நிர்வாகமும் மத்தியத் தொழிற்சங்கங்களும் பேசி முடிப்பது. 2017 ஜனவரி 1 முதல் வரவேண்டிய ஊதிய உயர்வுக்கு 2021 அக்டோபரில்தான் உடன்பாடு கையெழுத்தானது; அதிலும் எல்லாச் சங்கங்களும் கையெழுத்திடவில்லை. கிட்டத்தட்ட ஐந்தாண்டு இழுபறி. ஆலை நட்டத்தில் இருக்கும்போது உயர்வு கேட்பதா என்று கடைவீதியில் பேசுபவர்களைக் கேட்டிருக்கிறேன். நட்டத்துக்கான காரணங்களில் எத்தனை அந்தத் தொழிலாளியின் கையில் இருந்தன என்பதை மேலே எழுதிவிட்டேன்.

பாத்திரம் செய்யும் தொழிலாளியின் கதை வேறு. திருப்பூரை அடுத்த அனுப்பர்பாளையத்துப் பட்டறைகளில் மாதச் சம்பளம் கிடையாது. உருப்படிக்கும் எடைக்கும் கூலி. சங்கங்களின் கூட்டுக் கமிட்டியும் உற்பத்தியாளர் தரப்பும் பேசிக் கூலி உயர்வை ஒப்பந்தமாக்குகின்றன. பேச்சு முறிந்தால் வேலைநிறுத்தம். எனக்குக் கிடைத்த போசி அங்கிருந்து வந்தது என்றார் கடைக்காரர். அதைக் கையில் எடுத்துப் பார்த்தால் கூலி எங்கே போயிருக்கிறது என்பது விளங்கும். அடிப்பகுதி 22 கேஜுக்குக் குறையாத கனம். கைப்பிடி வளையம் நுழையும் காது இரண்டு இடத்தில் பற்றவைக்கப்பட்டு, பற்றிய தழும்பு விரலுக்குத் தட்டுப்படாத அளவுக்குத் தேய்த்து மெருகிடப்பட்டிருக்கிறது. வாயின் விளிம்பு உட்புறமாக மடிந்து, மடிப்புக்குள் சோப்புத் தண்ணீர் தங்காதபடி முழுதாக மூடப்பட்டிருக்கிறது. இந்த மடிப்பை மூடாமல் விடுவதில் மிச்சமாகும் நேரம் உருப்படிக் கூலிக்காரருக்குப் பெரிது. ஆகவே மூடியிருந்தால் அந்தப் பட்டறையில் கூலி ஓரளவு நியாயமாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்வது என் வழக்கம். இது என் ஊகம்தான். ஆனால் பெரும்பாலும் பொய்த்ததில்லை.

கேரியரில் அந்த மடிப்பு மூடப்படவில்லை. மூன்று அடுக்குகளும் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்காருகின்றன. ஆனால் பக்கவாட்டுக் கிளிப் இரண்டும் வேறு மலிவுத் தகடு. எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் கடின நீர். அதில் கழுவி வைத்ததில் தட்டுகளில் வெள்ளைப் படிவம் மட்டுமே வந்தது, புளித்தண்ணீரில் போய்விட்டது. கிளிப்பில் பழுப்புப் புள்ளிகள் வந்தன, போகவில்லை. நடு அடுக்கில் எலுமிச்சை ஊறுகாயை இரவு முழுவதும் விட்டதில் அடியில் ஊசிமுனை அளவுக் குழிகள் தெரிந்தன. உப்பும் புளிப்பும் சேர்ந்து கிடந்தால் 304 தகட்டைக்கூடக் காலப்போக்கில் அரிக்கும் என்றாலும் ஓர் இரவில் இப்படி ஆவதற்கு அது 304 அன்று என்பதே விடை. விற்கும்போது தட்டு, போசி, கேரியர் மூன்றுக்கும் ஒரே ஷீட்டு என்றுதான் சொன்னார்கள்.

வரிக் கணக்கு ஒன்று இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் எவர்சில்வர் பாத்திரத்தின் மீதான ஜி.எஸ்.டி. 12இலிருந்து 5 சதவீதமாயிற்று. என் பில்லிலும் அப்படியே இருக்கிறது. தகட்டின் மீது 18 சதவீதம் தொடர்கிறது. பட்டறைக்காரர் 18 கட்டி வாங்கி 5 வசூலித்து விற்று, இடைப்பட்டதைத் துறையிடம் விண்ணப்பித்துத் திரும்பப் பெறவேண்டும். அதுவரை அவருடைய முதல் முடங்கிக் கிடக்கும். பெரிய நிறுவனத்துக்கு இது பெரிதல்ல.

தரச் சான்று வராமலும் இல்லை. சமையல் பாத்திரங்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கும் ஆணை 2024 மார்ச்சில் வெளியாயிற்று. எவர்சில்வர் பாத்திரத்துக்கு உரிய தர அளவு ஐ.எஸ். 14756. சிறு, குறு பட்டறைகளுக்குக் கூடுதல் அவகாசம் தரப்பட்டது. சோதனைக்கூடச் செலவும் உரிமக் கட்டணமும் பெரிய பிராண்டுகளுக்கு ஒரு பொருட்டில்லை. நான்கு பேர் வேலை செய்யும் பட்டறையை அது மூடச் செய்யக்கூடும் என்ற அச்சம் நியாயமானது. எனினும் நான் வாங்கியவற்றில் முத்திரை இருந்தவை தட்டுகள் மட்டுமே. கறைபடாமல், குழி விழாமல் இருப்பவற்றில் அவையும் அடக்கம். இண்டக்ஷன் அடுப்பு வைத்திருப்பவர்கள் கவனிக்க: இந்தப் போசி அதில் சூடாகாது, அதற்கு அடியில் காந்தம் ஒட்டும் தகடு ஒட்டிய பாத்திரம் வேண்டும்.

கடையின் சேவையில் குறையில்லை. பழைய பாத்திரங்களை எடைபோட்டுக் கழித்துக்கொண்டார்கள். வாசலில் உட்கார்ந்திருந்த பெரியவர், "பேரு தமிழ்ல வெட்டவா, இங்கிலீஷ்லயா?" என்று கேட்டு, தட்டுகளின் அடியில் என் அம்மாவின் பெயரையும் தேதியையும் மின்சார ஊசியால் பொறித்துக் கொடுத்தார், அதற்குத் தனிக் காசு வாங்கவில்லை. கேரியரின் குழிகளைக் காட்டப் போனபோது மாற்றித் தர மறுத்துவிட்டார்கள். ஊறுகாய் வைத்ததற்கு நாங்கள் என்ன செய்வோம் என்பது பதில். சரி, பில்லில் தட்டுக்கும் போசிக்கும் 304 என்று எழுதித் தாருங்கள் என்றேன். தட்டுகளுக்கு எழுதிக் கையெழுத்திட்டார். போசிக்கும் எழுதினார். "கேரியருக்கு மட்டும் வேண்டாங்க சார்" என்று பேனாவை மூடிவிட்டார்.